எம்.பி.கிட்ட தெருவிளக்கு கேட்டா, பட்டு நூலை யார் கேட்பாங்க?

தோழர்களே, எம்.பி. பத்தி எந்தப் பதிவு போட்டாலும் கீழே முதல் கமென்ட் இதுதான்: "எங்க தெருவுக்கு என்ன செஞ்சார்?"

கோபம் நியாயம்தான். ஆனா தெருவிளக்கு நகராட்சி வேலை. எம்.பி. தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி. ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம்னு 6 சட்டமன்றத் தொகுதிக்கும் பிரிச்சா தலா 83 லட்சம். (இன்ஜினியரிங் படிச்சது இந்தக் கணக்குக்காவது உதவுது!)

தறியில ஏறுற பட்டு நூல் விஷயம் அப்படி இல்ல. 2021 பட்ஜெட்ல கச்சாப் பட்டு இறக்குமதி வரியை 10-லிருந்து 15 சதவீதமாக்கினாங்க. பட்டுப்புழு வளர்க்கிற விவசாயிக்கு அது பாதுகாப்பு. நூல் வாங்கி நெய்யிறவருக்குச் சுமை. எது நியாயம்னு பேச வேண்டிய இடம் மக்களவை. அங்க ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20தான். நம்ம கேள்விக்கு முறை வந்தா அமைச்சர் எழுந்து பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் கேட்கலாம்.

ஐடி விங் மேலயும் தப்பு இருக்கு, மறைக்கல. ரிப்பன் வெட்டுற படம் போட்டா லைக் அள்ளுது. நாடாளுமன்றக் கேள்வியைப் போட்டா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுறீங்க. அதனால நாங்களும் போடுறதில்ல. எம்.பி.க்களும் இதையெல்லாம் பார்த்துட்டுத்தானே இருக்காங்க?

நம்ம எம்.பி.யோ எதிர்க்கட்சி எம்.பி.யோ, கேட்ட கேள்வியும் வந்த பதிலும் நாடாளுமன்ற இணையதளத்துல கிடைக்குது. இனி வாரம் ஒண்ணு தமிழ்ல போடுறோம். தறிக்கார வீட்டுப் பிள்ளைங்களே, பட்டு நூல், ஜரிகை பத்தி டெல்லியில என்ன கேட்கணும்? கமென்ட்ல எழுதுங்க.

#ஆரணி #பட்டுநெசவு