எழிலுக்கு முதலாளி யார்?



அண்மையில் ஜார்ஜ்டவுனில் நடந்த ஆசிரியர் சந்திப்பு ஒன்றில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நிரலாக்கத்தின் முதற்படியை 'எழில்' மொழியிலேயே காட்டலாமே என்றேன். நண்பர் ஒருவர் உடனே கேட்டார்: "அதற்குப் பின்னால் எந்த நிறுவனம் நிற்கிறது ஐயா? நாளை நின்றுபோனால் யாரிடம் போவது?" பலரும் தலையசைத்தனர். அங்கே சொல்ல வாய்க்காத மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

எழில், முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கி 2013இல் திறமூலமாக வெளியிட்ட தமிழ் நிரல்மொழி. அதில் நிபந்தனை முன்னே வரும். 'ஆனால்' பின்னே வரும். "மழை பெய்தால்" என்று பேசும் பிள்ளைக்கு அந்த வரிசை இயல்பானது. ஆங்கிலச் சொல்லையும் ஆங்கில வரிசையையும் சுமந்துகொண்டுதான் ஏரணம் பயில வேண்டும் என்ற கட்டாயம் அங்கில்லை.

நிறுவனம் நின்றால் மொழி நிலைக்கும் என்பது உண்மைதானா? ரஸ்ட் மொழியை வளர்த்தது மொசில்லா. 2020 ஆகத்தில் அது ஏறத்தாழ 250 பேரைப் பணிநீக்கியபோது அம்மொழிக்கு உழைத்தவர்களும் வெளியேறினர். பைத்தானை விரைவுபடுத்த ஒரு குழுவை வைத்திருந்த மைக்ரோசாப்ட், 2025 மே மாதம் அக்குழுவில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. 1972 முதல் பாயான் லெப்பாசில் ஆலைகள் திறப்பதையும் மூடுவதையும் கண்ட பினாங்குக்காரர்களுக்கா இதை நான் சொல்ல வேண்டும்?

ஜாவாவின் கதை இன்னும் தெளிவு. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. ஜாவா 8 பதிப்பை வணிகத்தில் பயன்படுத்துவோருக்கு இலவச மேம்பாடு 2019இல் நின்றது. 2023இல், ஜாவாவைத் தொடாத ஊழியரையும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் கணக்கிடும் திட்டமும் வந்தது. ஆயினும் ஜாவா சாகவில்லை. அதன் மூலநிரல் திறந்திருந்தமையால் வேறு பலர் இலவசப் பதிப்புகளை வெளியிட்டனர். விசுவல் பேசிக் 6 பயனாளருக்கோ அந்த வழி இல்லை. 2005இல் அவர்கள் மைக்ரோசாப்டுக்கு முறையீடு அனுப்பிக் கெஞ்சினர். 2008இல் ஆதரவு முடிந்தது. மூலநிரல் பூட்டிக் கிடந்தது. மன்றாடுவதைத் தவிர அவர்களால் வேறென்ன செய்ய முடிந்தது?

ஆகவே நண்பரே, கேட்க வேண்டியது முதலாளியின் பெயரையன்று. அவர் போன மறுநாள் மூலநிரல் நம் கையில் இருக்குமா, அதைத் திருத்தத் தெரிந்தவர் நம்மிடம் இருப்பரா என்பதைக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்கும் உறுத்துகிறது. எழில் பைத்தான்மேல் எழுப்பப்பட்டது. பைத்தான் மாறும்போதெல்லாம் எழிலையும் ஒருவர் திருத்தியாக வேண்டும். அதற்கு உழைப்போர் மிகச் சிலர். தம் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். நிறுவனச் சம்பளம் தீங்கானது என நான் சொல்லவில்லை. பைத்தானைப் படைத்த கைடோ வான் ராசமும் கூகுள், டிராப்பாக்சு, மைக்ரோசாப்ட் எனச் சம்பளம் பெற்றவரே. நமக்கு அந்தச் சம்பளமும் இல்லை, அதற்கு ஈடாக நாம் ஒன்றும் தரவும் இல்லை. கோலாலம்பூரில் 2001இலும் 2013இலும் தமிழ் இணைய மாநாடு நடத்திய நாட்டவர் நாம். பொன்னாடைக்கும் மாலைக்கும் நம் சங்கங்களிடம் பணமுண்டு. ஒரு நிரலாளரின் ஆறு மாத உழைப்புக்கு எந்தச் சங்கத்தின் வரவுசெலவில் இடமுண்டு? இவ்வாறு கைவிட்டுவிட்டு, "பின்னால் யாரும் இல்லையே" என்று நாமே குறைசொல்வது எந்த நியாயம்?

வரும் பள்ளி விடுமுறையில் வாய்ப்பாடு, ஒற்றை இரட்டை எண், சதுரத்தின் பரப்பளவு எனப் பத்துப் பயிற்சிகளை எழிலில் எழுதி இங்கேயே தருகிறேன். பிழை கண்டவர் திருத்தி அனுப்புங்கள். கேள்வி கேட்ட நண்பருக்கு ஐந்தாம் பயிற்சியை ஒதுக்கியிருக்கிறேன்.