யந்திரத்துக்கு மனம் உண்டா?

மனிதனைப் போல் பேசும் யந்திரம் மனிதனைப் போல் சிந்திக்கவும் செய்கிறதா என்ற கேள்வி, பண்டிதர் சபைகளை விட்டு நீதி ஸ்தலங்களுக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே இதை வெறும் தத்துவ விசாரமென்று பொது ஜனங்கள் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

1950-ம் வருஷத்தில் ஆங்கிலக் கணித மேதை ஆலன் டூரிங் இதற்கு ஒரு பரீக்ஷை வகுத்தார். வேறோர் அறையிலிருந்து எழுத்து மூலம் விடையளிப்பது மனிதனா, யந்திரமா என்று கேட்பவனால் பிரித்தறிய முடியாவிடில், அதற்குச் சிந்தனை உண்டென்று ஒப்புக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். அயலான் மனத்தையும் அவன் நடத்தையைக் கொண்டுதானே நாம் அறிகிறோம் என்பது அவர் வாதம். வாதம் பலமானதே. ஆயினும், பதினாறு வருஷங்களில் அதன் பலவீனம் வெளிப்பட்டது. 1966-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோஸப் வைசன்பாம் ‘எலிஸா’ என்ற கம்ப்யூட்டர் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்குவதுதான் அதன் வித்தை. அது உருவானதை மாதக் கணக்கில் பார்த்திருந்த அவருடைய காரியதரிசியே, அதனுடன் சற்று உரையாடியதும், தனிமையில் பேச வேண்டுமென்று அவரை அறையை விட்டுப் போகச் சொன்னாராம்! மனம் யந்திரத்தில் இருக்கவில்லை. கேட்பவரின் தாராளத்தில் இருந்தது.

இன்றைய யந்திரங்கள் எலிஸாவைப் போல் எளியவையல்ல. மனிதர் எழுதிக் குவித்ததில் பெரும் பகுதியைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல் எதுவென்று கணித்துக் கணித்து அவை பேசுகின்றன. சதுரங்கத்தில் காஸ்பரோவை 1997-லேயே யந்திரம் வென்றது. அவற்றின் திறமையை மறுப்பது பேதைமை. திறமை வேறு, மனம் வேறு என்பதே நம் கட்சி.

2023-ம் வருஷம் நியூயார்க்கில் நடந்ததைக் கவனியுங்கள். விமானக் கம்பெனி ஒன்றின் மீது தொடுத்த வழக்கில், ‘சாட்ஜிபிடி’ தந்த முன் தீர்ப்புகளை வக்கீல்கள் கோர்ட்டில் தாக்கல் செய்தனர். அவற்றில் ஆறு தீர்ப்புகள் எந்தக் கோர்ட்டிலும் பிறக்காதவை! அவை மெய்தானா என்று வினவியபோதும், மெய்யே என்று யந்திரம் சாதித்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். யாருக்கு? யந்திரத்துக்கல்ல, வக்கீல்களுக்கு. அதுவே நியாயம். பொய் சொன்னதற்காக யந்திரம் வெட்கப்படவில்லை. அதன் பெயர் கெடுமென்று அஞ்சவுமில்லை. சத்தியப் பிரமாணம் செய்விக்க இயலாத ஒன்றைச் சாக்ஷிக் கூண்டில் எவ்வாறு ஏற்றுவது?

மூளையும் ஒரு யந்திரந்தானே என்று ஆட்சேபிப்போர் உண்டு. எக்காலத்திலும் யந்திரத்துக்கு மனம் வாய்க்காது என்று சாசனம் எழுதித்தர நாம் தயாரில்லை. ஆனால் இழப்பதற்கு ஏதுமின்றி, கொடுத்த வாக்குக்குக் கட்டுப்படாமல், செய்ததற்குப் பதில் சொல்லாமல் இருப்பது, எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், மனித மனத்தின் சாயலே தவிர மனம் ஆகாது.

இந்தப் பேதத்தை மறந்தால் நேரும் விபரீதம் என்ன? அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் 2013-ல் ஒருவருக்கு ஆறு வருஷச் சிறை விதிக்கையில், அவர் மீண்டும் குற்றம் புரியக்கூடுமென்று ஒரு கம்பெனியின் கணக்கு யந்திரம் இட்ட மதிப்பையும் நீதிபதி எடுத்துக் காட்டினார். அந்த மதிப்பு எப்படிக் கிடைத்தது என்பது வியாபார ரகசியம் என்றது கம்பெனி. 2016-ல் மாகாண உச்ச நீதிமன்றம் தண்டனையை நிலைநிறுத்தியது. அத்தகைய மதிப்பு மட்டுமே தீர்ப்பை நிர்ணயிக்கலாகாது என்று எச்சரிக்கவும் செய்தது. எச்சரிக்கை நன்றே. ஆனால் தன்னைக் குறித்து இரகசியமாகச் சொல்லப்பட்டதைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லாத மனிதனுக்கு அது போதுமா? போதாதென்பதே நம் அபிப்பிராயம்.

யந்திரம் மனிதனாகிவிடும் என்று நாம் நடுங்கவில்லை. அதிகாரத்திலுள்ள மனிதர்கள், ‘யந்திரம் சொல்லிற்று’ என்று அதன் பின்னே ஒளிந்துகொள்வார்கள் என்றே அஞ்சுகிறோம். ஒருவனுடைய சுதந்திரத்தையோ ஜீவனத்தையோ பறிக்கும் உத்தரவில், காரணத்தைக் கூறவும் அதற்குப் பொறுப்பேற்கவும் ஒரு மனிதனின் கையெழுத்து இருந்தே தீரவேண்டும். எந்த நாட்டிலும் ஜனங்கள் இதற்குக் குறைந்த எதற்கும் இசையலாகாது.