மூன்று கட்டமும் ஒரு சேறும்

சென்ற கிழமைக் குறுக்கெழுத்துப் போட்டியால் நமக்குக் கிடைத்தது பாராட்டன்று. ஒரு தாயாரின் கண்டனக் கடிதமே. "சேற்று நிலம் என்று குறிப்புக் கொடுத்தீர்கள். என் மகள் 'சகதி' என்று எழுதினாள். நீங்களோ விடை 'அளறு' என்கிறீர்கள். படிக்கிற பிள்ளைக்கு இது நியாயமா?" என்று அவர் கேட்டிருக்கின்றார்.

கேள்வி நியாயமானதே. கட்டங்கள் மூன்று, சகதியும் அளறும் மூன்றெழுத்துச் சொற்களே. மேலிருந்து கீழ் வரும் சொல்லேனும் ஈற்றெழுத்து 'று' என்று காட்டியிருத்தல் வேண்டும். அவ்வுதவியையும் நாம் செய்தோமில்லை. ஆகவே பிழை நம்முடையது. 'சகதி' என எழுதிய அனைவருக்கும் முழுப் புள்ளி உண்டு.

நிற்க. அளறு என்னும் சொல்லை நாம் தேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சேற்றைக் குறிக்கும் அச்சொல்லுக்கு நரகம் என்ற பொருளும் உண்டு. வள்ளுவர் அப்பொருளில் அதனை ஆண்டிருக்கின்றார். இரண்டிலும் அழுந்தியவர் மீள்வது அரிது என்பதனாற் போலும்! "சேறுதான், தீயோர் சேருமிடமும் அதுவே" என்று குறிப்பை அமைத்திருந்தால், சகதிக்கு அங்கே இடமிருந்திராது. ஒரு குறிப்புக்கு ஒரு சொல்லே விடையாதல் வேண்டும் என்ற விதியை எழுதியவரே மறந்துவிட்டோம்.

இரண்டு கட்டமாயின் 'உளை' இருக்கின்றது. சேறு அதற்கு ஒரு பொருள்; குதிரை, சிங்கம் ஆகியவற்றின் பிடரிமயிர் மற்றொரு பொருள். மாணவர்க்கு இச்சொல் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் பொழுதுபட்டதும் "கால் உளையுது பிள்ளை" என்று பாட்டி சொல்லக் கேளாத வீடு நம்மிடையே உண்டோ? நான்கு கட்டத்துக்கு 'அள்ளல்' உண்டு, 'சதுப்பு' உண்டு. புள்ளியெழுத்துக்கும் தனிக் கட்டம் வேண்டும் என்பதை மறவற்க.

சேற்றுக்கு இத்தனை பெயர் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். சேற்றில் இறங்கி நெல் விளைத்த மக்களுக்கு அவை வேண்டியிருந்தன. நம் மட்டக்களப்பைச் சிங்களத்தில் மடகலப்புவ என்பர். அங்கே 'மட' என்பதும் சேறே. கொழும்பின் சதுப்பு நிலங்கள் மழைவெள்ளத்தை ஏந்திக்கொண்டு அந்நகரைக் காக்கின்றன. 2018ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற சிறப்பும் கொழும்புக்குக் கிடைத்தது. பயனற்ற நிலமென்று மண் கொட்டி மூடிக்கொண்டே போவோமாயின், வெள்ளம் வீட்டுக்குள் வரும். சொல் மட்டும் அகராதியில் எஞ்சும்.

கடிதம் வரைந்த தாயாரின் மகளுக்கு இக்கிழமை ஒரு தனிக் குறிப்பு: "நெல் விளையும் நிலம், முதலெழுத்தை நீட்டினால் கால் புதையும்." கட்டம் இரண்டு. இம்முறை விடை ஒன்றே என்பதை அகராதியைப் புரட்டி இருமுறை சரிபார்த்துக்கொண்டோம்.