வெட்டினால் பாவமாம்!

சென்ற வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. பூட்டியிருந்ததனால் அல்ல. உள்ளே ஒரு வெள்ளெருக்கு தன் பாரமெல்லாம் கதவின்மேல் போட்டுச் சாய்ந்துகொண்டிருந்தது. 10 அடி உயரம் இருக்கும். கீழே இலையே இல்லாமல் மொட்டைத் தண்டுகள். தலையில் மட்டும் ஒரு குடை இலையும் பூவும். ஒருக்களித்து உள்ளே நுழைந்தேன். ஓர் இலை முறிந்து, சட்டையில் பால் சொட்டிற்று.

"இதைக் கொஞ்சம் வெட்டிவிடக் கூடாதா?" என்று கேட்டேன்.

நண்பர் காதைப் பொத்திக்கொண்டார். "என்ன ஸார், இப்படி அபசாரமாகப் பேசுகிறீர்கள்! பிள்ளையாருக்கு உகந்த செடி. அதன்மேல் கத்தி படலாமா? பாவம் அல்லவா?"

"அப்படியானால் கதவை எப்படித் திறப்பது?"

"அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். அடுத்த மாதம் நல்ல நாள் பார்த்து வேரோடு தோண்டிவிடப் போகிறேன். வேரில் பிள்ளையார் செதுக்கிப் பூஜையில் வைத்தால் ரொம்ப விசேஷமாம்."

கிளையை வெட்டினால் பாவம். வேரோடு பிடுங்கினால் புண்ணியம்! இந்தத் தர்ம சாஸ்திரத்தை எழுதியவர் எந்த ரிஷியோ, எனக்குத் தெரியாது. ஆனால் நம் ஊர்களில் வெள்ளெருக்கு வளர்ப்பவர்களில் பலர் இந்தச் சாஸ்திரப்படிதான் நடக்கிறார்கள். ஐசுவரியம் வரும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு சாண் கன்றைக் கொண்டுவந்து வாசலில் நடுகிறார்கள். மஞ்சளும் குங்குமமும் வைக்கிறார்கள். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நாலு வருஷம் அதைத் தொடாமல் கும்பிட்டுவிட்டு, ஐந்தாவது வருஷம் கடப்பாரையோடு வந்து நிற்கிறார்கள். இதற்குப் பக்தி என்று பெயர். நான் இதைச் சோம்பல் என்கிறேன்.

செடியின் சுபாவத்தைச் சற்று யோசியுங்கள். எருக்கு வறண்ட நிலத்தின் பிள்ளை. ரயில் பாதை ஓரம், சுடுகாட்டு மேடு, கடற்கரை மணல் ஆகிய இடங்களில் யாரும் கவனிக்காமல் வளரும். ஆடும் மாடும் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிடும். வேரோ ஆழமாக இறங்கித் தண்ணீர் தேடும். அங்கே அது அளவோடுதான் வளர்கிறது. அதைக் கொண்டுவந்து எருப் போட்டுத் தண்ணீரும் ஊற்றினால் என்ன செய்யும்? ஓங்கத்தான் செய்யும். 1753-ல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோதே 'ராட்சதச் செடி' என்று பொருள்படும்படிதான் வைத்தார். ராட்சதனை வாசலில் குடிவைத்தவர், அவன் வளர்கிறானே என்று வியப்பது என்ன நியாயம்?

இந்தச் செடியின் அழகே அந்த வெள்ளிப் பூச்சுத்தான். இலையின்மேல் மெல்லிய பஞ்சுத் தூள் படிந்தாற்போல் இருக்கிறதே, நிலாவில் பார்த்தால் இலை பூவா, பூ இலையா என்று தோன்றுமே, அதைச் சொல்கிறேன். அந்த வெள்ளி இளந்தளிரில்தான் நிறைய உண்டு. இலை முற்ற முற்ற அது உதிர்ந்து, பச்சை வெளியே தெரியும். வெட்டாத செடியில் தளிரெல்லாம் எட்டாத உயரத்தில் போய்விடும். கண் எதிரே நிற்பது கிழட்டுத் தண்டு. நுனியை வெட்டினாலோ, அதுவரை நுனி மொட்டுக்கு அடங்கிக் கிடந்த பக்க மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. ஒரு தண்டு இருந்த இடத்தில் மூன்று கிளைக்கும். செடி இடுப்பளவில் நின்று, அடியிலிருந்து நுனிவரை வெள்ளியாக இருக்கும். ஆகவே, அரிவாளுக்குப் பயப்படுகிறவர் செடியைக் காப்பாற்றவில்லை. அதன் அழகைத்தான் துரத்துகிறார்.

பாவம் என்கிறார்களே, இந்தப் பாவத்தை நம் பாட்டன்மார் செய்யாமலா இருந்தார்கள்? நடவுக்கு முன் எருக்கும் ஆவாரையும் கொழிஞ்சியும் கட்டுக் கட்டாக வெட்டி வந்து, வயற் சேற்றில் மிதித்து உரமாக்கினார்கள். வெட்டிய எருக்கு மறுபடி துளிர்த்தது. அவர்கள் குலம் ஒன்றும் அழிந்துவிடவில்லை, எருக்கும் அழியவில்லை. புறநானூற்றின் 106-வது பாட்டில் கபிலர், அற்பமான எருக்கம் பூவானாலும் அடியவர் கொடுத்தால் கடவுள் தள்ளமாட்டார் என்கிறார். பூவைக் கொய்து கொடுத்ததற்குக் கோபிக்காத கடவுள், கிளையைக் கழித்ததற்காகவா கோபிக்கப் போகிறார்?

இனி எதிர்க் கட்சிக்காரர்களுக்கு வருகிறேன். "எருக்கு ஒரு களை. விஷச் செடி. மருந்து அடித்துக் கொன்றுவிட வேண்டியதுதானே?" என்பவர்கள் இவர்கள். விஷம் என்பது உண்மை, நான் மறைக்கவில்லை. ஆனால் வெந்தய வரியன் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் புழு அந்த விஷத்தையே தின்று வளர்கிறது. பெரிய கருவண்டு ஒன்று அந்தப் பூவைத் தேடி வந்து மகரந்தம் சுமக்கிறது. நாலு முழ இடத்தில் இத்தனை பேருக்குச் சோறு போடுகிற செடியை, நமக்குக் கதவு திறக்கவில்லை என்பதற்காகக் கொல்ல வேண்டுமா? கொல்பவருக்கும் கும்பிடுபவருக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள் உடம்பு வளைந்து வேலை செய்யும் வழி அது.

பிள்ளையார் சதுர்த்திக்குப் பூவைப் பறித்து மாலை கட்டியாயிற்றா? புரட்டாசி பிறந்ததும் அரிவாளைத் தீட்டுங்கள். தரையிலிருந்து இரண்டடி விட்டு வெட்டுங்கள். எல்லாக் கிளையையும் ஒரே நாளில் மழிக்க வேண்டாம். பாதியை இப்போது வெட்டி, மீதியை ஒரு மாதம் கழித்து வெட்டினால் புழுக்களுக்கும் இலை மிஞ்சும். ஐப்பசி மழை தளிரைக் கொண்டுவரும். இரட்டைக் காய்கள் வெடிப்பதற்கு முன்பே பறித்துவிட்டால், பஞ்சு பறந்து பக்கத்து வீட்டிலெல்லாம் முளைக்காது. தண்ணீரை அடியோடு குறையுங்கள். வேரில் தண்ணீர் தேங்கினால் செடி அழுகும்.

ஒரு விஷயத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அந்தப் பால் கண்ணில் படக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளைத் தூர நிறுத்துங்கள். பட்டால் பெரிய வலி இல்லாமலும் இருக்கலாம், அதுதான் மோசம். வலி இல்லையே என்று இருந்துவிடுவோம். பிறகு பார்வை மங்கும். உடனே சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பாவத்துக்குப் பயப்படுகிற நேரத்தில் பாதியை இதற்குப் பயப்படச் செலவிட்டால் போதும்.

இதையெல்லாம் அன்றே நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காப்பி கொடுத்தார். அடுத்த மாதம் ஆளைக் கூப்பிட்டு வேரோடு தோண்டினார். இலைகளில் கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட புழுக்கள் இருந்தனவாம். செடியோடு அவற்றையும் குப்பையில் போட்டார்களாம். சதுர்த்திக்கு வேர்ப் பிள்ளையார் பூஜை அறையில் எழுந்தருளினார். எருக்கம் பூ மாலையைக் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கினார்கள்.

ஐப்பசியில் நண்பரிடமிருந்து போன் வந்தது. குரலில் கலவரம்.

"ஸார், தோண்டின குழியிலிருந்து நாலைந்து தளிர் கிளம்பியிருக்கிறது. அடிவேர் உள்ளேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, ஸார். என்ன செய்யலாம்?"

"மஞ்சள் குங்குமம் வைக்கலாம், தடை இல்லை. ஆனால் அடுத்த புரட்டாசிக்கு ஓர் அரிவாளும் வாங்கி வையுங்கள்" என்றேன்.

கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சு இல்லை. பிறகு, "எத்தனை அடி விட்டு வெட்ட வேண்டும் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டார்.