மூளையில் யார் உசத்தி?

ஆணுக்கு மூளை அதிகமா, பெண்ணுக்கு மூளை அதிகமா? பட்டிமன்றத் தலைப்புகளில் இதற்கு மட்டும் ஓய்வே கிடையாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ்கூட 2005-ல், அறிவியல் துறையின் உயர் பதவிகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு இயல்பான திறன் வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். எதிர்த்தரப்போ, "மரபணுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் வளர்ப்புதான்" என்று கிளம்பிவிடும்.

இரண்டு தரப்புமே கேள்வியைத் தப்பாகப் பிடித்திருக்கிறது.

மரபணுக்கள் சில, ஆண் மூளையில் ஒரு மாதிரியும் பெண் மூளையில் வேறு மாதிரியும் வேலை செய்கின்றன. ஃப்ராஜைல் எக்ஸ் என்ற கோளாறைப் பாருங்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 என்ற மரபணு முடங்குவதால் வருவது. பையன்களுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அதனால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் பலமாகவே அடிபடுகிறது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லிலும் அவற்றில் ஒன்று அணைந்துவிடும் என்று 1961-லேயே மேரி லயன் விளக்கினார். எது அணையும் என்பது செல்லுக்குச் செல் மாறும். ஆகவே பல செல்களில் நல்ல மரபணு வேலை செய்யும். பாதிப்பும் பொதுவாகக் குறையும்.

அப்படியானால் பெண் மூளைதான் உசத்தியா? அவசரம் வேண்டாம். அல்சைமர் மறதி நோயின் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணுவின் கதை நேர் எதிர். 2017-ல் சுமார் 58,000 பேரின் தரவுகளை அலசிய ஆய்வில், இந்த மரபணு ஒன்று இருந்தால் 65 முதல் 75 வயது வரை ஆண்களைவிடப் பெண்களுக்கே அபாயம் அதிகம் என்று தெரிந்தது.

ஒரு மரபணு ஆணை அடிக்கிறது, இன்னொன்று பெண்ணை அடிக்கிறது. இதில் உசத்தி எங்கே, தாழ்த்தி எங்கே?

கோபப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. 2011-ல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, நரம்பியல் விலங்கு ஆய்வுகளில் பெண் விலங்குகளை மட்டும் வைத்து ஒன்று நடந்தால், ஆண் விலங்குகளை மட்டும் வைத்து ஐந்துக்கு மேல் நடந்தன. ஹார்மோன் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்பது சாக்கு. 2016-ல்தான் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், தன்னிடம் நிதி கேட்கும் ஆய்வுகள் இரு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பட்டிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் ஜெயித்துவிட்டுப் போகட்டும். நினைவு தப்பத் தொடங்கிய பாட்டிக்கு, அவர் உடம்பையும் கணக்கில் எடுத்துச் சோதித்த மருந்து வேண்டும்.