அறிவினாவும் அறியா வினாவும்

"இலக்கணப் புத்தகத்துக்குள் சமயத்துக்கு என்ன வேலை?" பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டும் கிறிஸ்தவப் பெற்றோரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இக்கேள்வியும் தவறாமல் எழுகிறது. அமெரிக்காவின் பென்சகோலா நகரிலிருந்து வெளிவரும் அபெக்கா போன்ற பாடத்திட்டங்களில், எழுவாயையும் பயனிலையையும் பிரித்துப் பழகும் பயிற்சியோடு விவிலிய நோக்கும் பிணைந்தே வருகிறது. சிலருக்கு இது உறுத்துகிறது. சிலருக்கு இதுவே நிறைவளிக்கிறது. இரு தரப்பினரும் காணத் தவறுவது ஒன்றுண்டு என்பது நம் எண்ணம். பாடத்தில் எந்தச் சமயம் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அங்கே கேள்வியைக் கேட்பவர் யார் என்பதே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எழுத்தைத் தீர்மானிக்கிறது.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இந்த விவகாரம் புதிதன்று. சமயமும் இலக்கணமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பாடம் நடத்திய நிலம் இது. தமிழ் அச்சின் தொடக்க நூல்களுள் ஒன்றாக 1579இல் கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்', குருவும் சீடனும் வினவி விடைகூறும் முறையில் அமைந்த உபதேச நூல். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு நடத்திய பள்ளிகளிலும் லூத்தரின் வினாவிடை உபதேசமே அடிப்படைப் பாடம். பின்னர், 1850களில் தஞ்சையில் பணியாற்றிய ஜி.யு.போப் அதே வடிவத்தில் சிறுவர்களுக்கு இலக்கணத்தை வகுத்துத் தந்தார். எழுத்து என்றால் என்ன, அது எத்தனை வகைப்படும் என்று கேள்விகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் அளந்து வைத்த விடை உண்டு. அவருடைய முதல் வினாவிடை 1895இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஆக்ஸ்போர்டில் அச்சேறியது.

இவ்வடிவம் ஒரு சமயத்தாரோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்று, பின் அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். அவர் எழுதிய 'சைவ வினாவிடை'யும் 'இலக்கண வினாவிடை'யும் தலைப்பிலேயே தம் உறவைச் சொல்லிவிடுகின்றன. மிஷனரிகளின் சமயத்தை மறுத்தவர் அவர்களுடைய கற்பித்தல் வடிவத்தை ஏற்றுக்கொண்டார். சமயம் மாறியும் வடிவம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவ்வடிவத்தின் பலத்தையும் வரம்பையும் அளக்க வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவரத் தேவையில்லை. நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. விடை தெரிந்திருந்தும் மாணவனுக்குத் தெரியுமா என்று அறிய ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ள மாணவன் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று மயங்கிக் கேட்பது ஐயவினா. ஏனைய மூன்றும் கொளல், கொடை, ஏவல். போப்பின் நூலையோ நாவலரின் நூலையோ புரட்டிப் பார்த்தால் அங்கே இருப்பவை பெரும்பாலும் அறிவினாக்களே. குற்றியலுகரத்தின் வகைகளை மனத்தில் நிறுத்த அறிவினாவைவிடச் சிறந்த கருவி இல்லை. வினாவிடை நூல்களை இகழ்வோருடன் நாம் சேரமாட்டோம். இளம் வயதில் மனத்தில் பதிந்த வரையறை முதுமையிலும் துணை நிற்கும்.

ஆனால் எழுத்து அப்படியன்று. எழுத உட்காரும் பிள்ளைக்குத் தேவை ஐயம். இந்தச் சொல்லா, அந்தச் சொல்லா? முதலில் இதைச் சொல்வதா, அதைச் சொல்வதா? இவற்றின் விடை ஆசிரியரின் கையேட்டில் இல்லை. அறிவினாவிலேயே வளர்ந்த பிள்ளை, கட்டுரையையும் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு விடையாகவே கருதுகிறது. 'முன்னுரை', 'முடிவுரை' என்று தலைப்பிட்டு, வழிகாட்டி நூலில் கண்டதை வரி பிசகாமல் ஒப்புவிக்கிறது. கல்லூரியின் முதலாண்டு வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் நாம் ஆண்டுதோறும் காண்பது இதைத்தான். வேற்றுமை எட்டையும் உருபுகளோடு சொல்வார்கள். தம் ஊர் வாய்க்காலைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னால் பேனா நகராது.

இந்தச் சிக்கலுக்குத் தஞ்சையிலேயே ஒரு பழைய தீர்வு உண்டு. சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பயின்றவர்களுள் இருவர் புகழ்பெற்றனர்: ஒருவர் மன்னர் இரண்டாம் சரபோஜி; மற்றவர் தஞ்சை மிஷன் பள்ளியில் ஆசிரியராக விளங்கிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). புதிய கல்வியைத் தம் மக்களிடம் சேர்க்க இருவருமே நாடியது குறவஞ்சி. சரபோஜியின் பெயரில் வழங்கும் மராத்தி நூலான 'தேவேந்திரக் குறவஞ்சி' உலகின் புவியியலைப் பாடுகிறது. சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி' கிறிஸ்தவ நம்பிக்கையோடு புவியியலையும் வானியலையும் கலந்து தருகிறது. குறவஞ்சியும் வினாவிடைதான். ஆனால் அங்கே, உன் மலை எது, வளம் எது என்று தலைவி குறத்தியை வினவுவது அறியும் ஆவலால். குறத்தியோ தான் கண்டதையும் நடந்ததையும் தன் சொல்லில் விரிக்கிறாள். உபதேச வினாவிடையில் வளர்ந்த ஓர் ஆசிரியர், எழுத்து என்று வரும்போது வேறொரு வினாவிடையைத் தேர்ந்தெடுத்தார் என்பதே இங்கு நாம் கற்க வேண்டியது.

இன்றைய வகுப்பறையில் இதை எப்படிச் செய்வது? மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். குறுவைக்கு நீர் திறக்கும் நாளாக ஜூன் 12 இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். "தண்ணீர் வந்தது" என்று ஒரு பிள்ளை எழுதும். "தண்ணீர் திறக்கப்பட்டது" என்று இன்னொன்று. "தண்ணீர் திறந்துவிட்டார்கள்" என்று மூன்றாவது. மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் வாய் மூடி நிற்கட்டும். திறந்தது யார், அவரைச் சொல்லாமல் விட்டது ஏன், தண்ணீர் தானாகவா வந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அதன் பிறகு செய்வினை, செயப்பாட்டுவினை என்ற பெயர்களைச் சொன்னால், அவை ஏற்கெனவே கையில் இருக்கும் ஒன்றுக்கு இட்ட பெயர்களாகும். வரையறை பின்னால் வந்தாலும் குறைந்துவிடாது. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இலக்கணப் பகுதிக்குக் 'கற்கண்டு' என்று பெயர் சூட்டின. பெயர் இனிக்கிறது, பிள்ளை அதைத் தானே கடித்துப் பார்க்கவும் இடம் தர வேண்டும்.

வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால் பங்கே கிட்டும். உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கு என்பது நன்னூலின் கணக்கு. வீட்டில் ஒரே பிள்ளையும் ஒரே பாடநூலும் என்றால் இரண்டாம் கால் பங்கு எங்கிருந்து வரும்? அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வையுங்கள். உங்கள் பிள்ளை எழுதியதை அவர்கள் படித்துக் கேள்வி கேட்கட்டும். பாடநூலில் விவிலியம் இருக்கட்டும். வேறிடத்தில் தேவாரம் இருக்கட்டும். கெத்செமனே தோட்டத்தில் சீடர்கள் ஏன் உறங்கினார்கள் என்று ஒரு பிள்ளை தானே கேட்டு, தன் சொல்லில் ஒரு பக்கம் எழுதுமானால், அது இலக்கணமும் கற்றது, எழுதவும் கற்றது.