தெரிந்தெடுத்த உண்மைகள்

போர்க்காலப் பிரசாரத் திரைப்படம் என்றதும் கோயபல்ஸின் பெயரை மாத்திரம் உச்சரித்துவிட்டு அமைதியடைவது விமர்சகர் பலரின் வழக்கம். பாசிச அரசு பொய்யைப் படமாக்கியது. சனநாயக அரசுகள் உண்மையைப் பதிவுசெய்தன என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். வரலாறு இவ்வாதத்துக்கு இடமளிப்பதாயில்லை. ஹிட்லரை முறியடித்த போரின் நியாயம் ஈண்டு வினாவுக்குரியதன்று. நியாயமான போரை நடத்தும் அரசு, தன் மக்களிடம் எதனை மறைத்தது என்பதே வினா.

இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக 1934இல் 'இலங்கையின் பாடல்' என்ற விவரணப்படத்தை நிறைவுசெய்த பிரித்தானியத் தபால் திணைக்களத் திரைப்படப் பிரிவே, போர் மூண்டபின் தகவல் அமைச்சின் கருவியாயிற்று. 1940இல் அது உருவாக்கிய 'லண்டன் தாங்கும்' என்ற படம், குண்டுவீச்சின் இடிபாடுகளூடே வேலைக்குச் செல்லும் மக்களைக் காட்டிற்று. அம்மக்களின் துயரும் உறுதியும் மெய்யானவை. ஆயின் அப்படத்திற் பேசியவர் அமெரிக்கப் பத்திரிகையாளரான குவென்ரின் றெனோல்ட்ஸ். நடுநிலை வகித்த அமெரிக்கரைக் கவர்வதற்கு, அரசின் குரல் அந்நியர் ஒருவரின் சாட்சியமாக வேடம் புனைய வேண்டியிருந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் பிராங் கப்ரா, 'நாம் ஏன் போரிடுகிறோம்' என்ற ஏழு படங்களை 1942 முதல் 1945 வரை இராணுவத்துக்காக உருவாக்கினார். நாசிகள் தம் பெருமைக்காக எடுத்த காட்சிகளையே வெட்டி ஒட்டி, புதிய வருணனையுடன் அவர்களுக்கெதிராகத் திருப்பினார். காட்சி தானே உண்மை பேசும் என்ற நம்பிக்கையை இதனிலும் தெளிவாகத் தகர்ப்பது யாது? அவரது பிரிவு 1944இல் வெளியிட்ட 'நீக்ரோப் போர்வீரன்' கறுப்பினத்தவரின் வீரத்தைப் போற்றிற்று. அவ்வீரரைத் தனிப்படையணிகளில் ஒதுக்கிவைத்த இனப்பாகுபாட்டைப் பற்றி வாய்திறக்கவில்லை. அப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணை 1948இலேயே பிறந்தது.

போர்க்காலத்தில் மௌனம் தவிர்க்கவியலாதது என்பர். உளநோயுற்றுத் திரும்பிய போர்வீரரைப் பற்றி, இராணுவத்தின் பணிப்பின் பேரிலேயே ஜோன் ஹஸ்ரன் உருவாக்கிய 'ஒளி உண்டாகுக' என்ற படத்தை அதே இராணுவம் 1946இல் தடுத்துவைத்தது. நோயாளரின் அந்தரங்கம் காரணமாகக் கூறப்பட்டது. 1980 வரை பொதுமக்கள் அதனைக் காண இயலவில்லை. போர் முடிந்தபின், எப்பகைவனிடமிருந்து அதனை மறைக்க வேண்டியிருந்தது? அடுத்த போருக்கு அனுப்பப்படவிருந்த இளைஞரிடமிருந்தேயன்றோ!

பிரசாரம் பொய்யால் மாத்திரம் வாழ்வதன்று. தெரிந்தெடுத்த உண்மைகளாலேயே அது நெடுங்காலம் வாழ்கின்றது. பொய் ஒருநாள் அம்பலமாகும். பாதி உண்மையோ கலையென்று போற்றப்படும். ஆதலின், திரையிற் கண்டது மெய்யா என வினவுவதோடு விமர்சகன் பணி முடிவதில்லை. கமரா எத்திசையில் திரும்ப மறுத்தது என வினவுமிடத்தே அது தொடங்குகின்றது.